மூணாவது தரம்

என் அத்தானுக்கு வாய் நீளம் என்று கல்யாணமான நாளிலிருந்து அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு டாக்டரம்மா அளவுகோல் வைத்து அளந்து, ஆமாம் நீளம்தான் என்று எழுதிக்கொள்வார் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

வளர வேண்டிய வயதில் வளர்ந்து முடித்த மனிதர், ஐம்பதுக்கு மேல் மறுபடியும் வளர ஆரம்பித்தார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் பொடிக் கட்டி ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு, வளர்ச்சி ஹார்மோனை மூடாத குழாய் போல ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மோதிரத்தை வெட்டி எடுத்தோம். செருப்பு சைஸ் ஏறிக்கொண்டே போனது. அறைக்குள் முதலில் மூக்கு வரும், அப்புறம் அத்தான் வருவார். கடைசியில் அந்த மூக்கு வழியாகவே ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். இனி வளராது, ஆனால் வளர்ந்தது வளர்ந்ததுதான் என்றார்கள். மூக்கும் காலும் எப்படியோ போகட்டும். தாடை நீண்டதில் அவர் கட்டியிருந்த பல் செட் பொருந்தாமல் போனதே, அதுதான் எங்கள் வயிற்றில் அடித்தது.

ஏனென்றால் அத்தானுக்கு வாயால்தான் பிழைப்பு. ஏலக்கூடத்தில் ஏலம் விடுபவர். நான் அதே கூடத்தில் பொருள்களுக்கு நம்பர் ஒட்டுபவன். நாற்காலியோ நாய்க்கூண்டோ, நான் நம்பர் ஒட்டாமல் எதுவும் மேடை ஏறாது. கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாமல் அக்கா வீட்டு முன்னறையில் காலம் தள்ளுகிறேன். அத்தானோடு எனக்குத் தினமும் சண்டை. ஒருநாள் சண்டை போடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அத்தானை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'மூணு தரம்' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். "ஒரு தரம்" என்பதைச் சும்மா பேச்சுவாக்கில் சொல்வார். "ரெண்டு தரம்" என்று இழுத்து, வாங்கலாமா வேண்டாமா என்று திண்டாடுகிறவனின் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு "மூணு தரம்!" என்று சுத்தியலை இறக்குவார். அதோடு பொருள் கைமாறிவிட்டது. அதற்கப்புறம் யார் வந்து கதறினாலும் திரும்பாது. மூணாவது தரம் சொல்லாதவரை எதுவும் போகவில்லை, சொல்லிவிட்டால் போனது போனதுதான். எங்கள் கூடத்தில் வேறு சட்டமே கிடையாது.

'த' என்ற எழுத்தைச் சொல்ல நாக்கு மேல்பல்லை முட்ட வேண்டும். வேண்டுமானால் இப்போதே சொல்லிப் பாருங்கள். ஆடுகிற பல்லை முட்டினால் பல் நகருமே தவிர 'த' வராது. அத்தான் "ஒரு அரம், ரெண்டு அரம்" என்று சொல்ல ஆரம்பித்தார். "ரம்பம் எப்ப வரும்?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். ஒருநாள் "மூணு" என்று வேகமெடுத்ததில் மேல் செட் பறந்துபோய், அப்போது ஏலத்தில் இருந்த பூ ஜாடிக்குள் விழுந்தது. சுத்தியல் இறங்கிவிட்டது, ஜாடி கைமாறிவிட்டது. வாங்கிய அம்மாள், ஜாடிக்குள் இருப்பதும் எனக்குத்தான் சொந்தம் என்று சட்டம் பேசினார். அந்தப் பல்லை மீட்க அவர் வீட்டு வாசலில் அரை நாள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவன் நான்.

அதையாவது சிரித்துவிட்டுப் போகலாம். இரும்புக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். ஏலத்தில் ஆவேசமாகக் கையைத் தூக்குவார், பொருள் அவருக்கே விழுந்ததும் முகம் தொங்கிவிடும். அந்த மனிதருக்கு அத்தானின் வாய் நல்ல சாக்காகிவிட்டது. "அவரு தரம்னு சொல்லவே இல்லை. அரம்னுதான் சொன்னாரு. அரத்துக்கெல்லாம் நான் பொருள் எடுக்க முடியாது" என்று கிளம்பிவிடுவார். இப்படி ஒரு பீரோ விற்காமல் போயிற்று, ஒரு தையல் மெஷின் விற்காமல் போயிற்று.

முதலாளி பொறுத்துப் பார்த்தார். பிறகு அவருடைய மருமகப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்தார். பித்தானை அமுக்கினால் உள்ளே இருந்து ஒரு பெண் குரல் "முதல் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை" என்று சொல்லும். பஸ் வருவதை அறிவிக்கிற குரல். முதலாளி அத்தானைக் கூப்பிட்டு, "பழைய ஓட்டல் ஒண்ணை மூடுறாங்க. அதோட சாமானெல்லாம் அடுத்த மாசம் நம்மகிட்ட ஏலத்துக்கு வருது. அன்னைக்கு நீங்க நில்லுங்க. ஒரு பொருள் தரம் தவறினாலும் மறுநாள்ல இருந்து பெட்டிதான்" என்று சொல்லிவிட்டார்.

அத்தான் அன்று வீட்டுக்கு வந்து யாரோடும் சண்டை போடவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் மிச்ச ஹார்மோனை அடக்க அத்தானுக்கு ஊசி போட நாங்கள் மூவரும் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, எதைப் பேசினாலும் காற்றில் படம் வரைந்து பேசுவார். "இந்த ஹார்மோன் அதிகமானவங்களுக்குத் தாடை வளர்ந்து பல் செட் பத்தாம போயிடுது. அதே ஹார்மோன் குடலுக்குள்ளயும் சின்னச் சின்னக் கட்டியை வளர்த்துவிடுமோன்னு பார்க்கணும். அடிக்கடி பல் செட் மாத்துறவங்களுக்குக் குடல்ல கட்டியும் அதிகமா இருக்கா? அதுதான் எங்க கேள்வி."

அத்தான் வாயைத் திறந்தார். அவர் அப்போது பேசியதையெல்லாம் 'த' போட்டுத்தான் இங்கே எழுதுகிறேன். அப்படியே எழுதினால் உங்களுக்கும் எனக்கும் நேரம் வீண்.

"பல்லுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?"

"எல்லாம் ஒரே பாதைதானே? இந்தப் பக்கம் வாய். அந்தப் பக்கம் ஆசனவாய். ரெண்டு வாயையும் நாங்க பார்த்தாகணும்."

அத்தான் பல் செட்டை உள்ளே தள்ளிக்கொண்டார். "ரெண்டு வாய்க்கும் ஒரே கருவியா?"

"ஏன் கேக்குறீங்க?"

"ஒரே கருவின்னா இதுல ஆரம்பிச்சு அதுக்குப் போங்க. அதுல ஆரம்பிச்சு இதுக்கு வந்துடாதீங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு நிபந்தனையைச் சொன்னார். ஆராய்ச்சியில் சேர்ந்தால் தாடையை நன்றாக அளந்து, பேச்சுக்குப் பொருந்தும்படி புதுப் பல் செட் இலவசமாகச் செய்து தருவார்கள். ஆனால் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கவும் சம்மதிக்க வேண்டும். மேல்வாய்க்கு மட்டும் சம்மதம் என்று சொல்ல முடியாது.

"இன்னொண்ணு. இதே வயசு, வீட்டுச் சாப்பாடும் ஒண்ணு, பல் செட்டும் போட்டிருக்கணும், ஆனா இந்த நோய் இருக்கக் கூடாது. அப்படி ஒருத்தர் கிடைச்சா ஒப்பிட்டுப் பார்க்க வசதியா இருக்கும். ஒரு நார்மலான ஆள்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இவனா?" என்றாள் அக்கா. "டாக்டர், இவன் என் தலையணை உறைக்கெல்லாம் நம்பர் ஒட்டுறவன்."

"ஹார்மோன்ல நார்மலா இருந்தாப் போதும்மா."

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நார்மல். எனக்கு ஈறு நோய் வந்து பல் முழுக்க முப்பது வயதிலேயே கொட்டிவிட்டது. அதற்குக் காரணம் நான் வாய் கூசாமல் சொன்ன பொய்கள் என்பது அக்காவின் கட்சி. எதுவானாலும், என் ஆயுளில் ஒரு படித்த மனுஷி என்னைப் பார்த்து நார்மல் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று நான் வீட்டுக்கு வந்த நடையே வேறு. அத்தானுக்குப் பதினாலு 'அ' என்றும் எனக்குப் பதினாலு 'ஆ' என்றும் நம்பர் கொடுத்தார்கள். எனக்கே ஒருவர் நம்பர் ஒட்டியதில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பல் மருத்துவர் எங்கள் இருவர் வாயிலும் மாவு மாதிரி ஒன்றை அப்பி அச்சு எடுத்தார். அத்தானின் அச்சு வெளியே வந்தபோது அதை மேஜையில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து பார்த்தார். பல் செட் தயாராவதற்கும் குழாய் விடுவதற்கும் ஒரே நாளைக் குறித்தார்கள். ஓட்டல் ஏலத்துக்கு முந்தின நாள்.

குடலைச் சுத்தம் செய்ய அதற்கும் முந்தின நாள் பிற்பகலில் குடிக்கச் சொல்லி ஒரு மருந்து. அதைப் பற்றி மரியாதைப்பட்டவர்கள் படிக்கும் கதையில் விரிவாக எழுத முடியாது. வீட்டில் கழிப்பறை ஒன்று, ஆள் ரெண்டு, மருந்து ஒரே நேரத்தில். இதை யோசித்துப் பார்த்த ஒரே ஆள் அக்கா. அவள் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் உள்ளே இருந்தேன். அத்தான் கதவைத் தட்டினார்.

"மச்சான், வெளிய வா."

"இப்பத்தான் வந்தேன் அத்தான்."

"ஒரு அரம்!" என்று கத்தினார் அத்தான். நான் அசையவில்லை. "ரெண்டு அரம்!" என்றபோது குரலில் கண்ணீர் இருந்தது. மூணாவதுக்கு அவர் காத்திருக்க மாட்டார் என்று புரிந்து, வேட்டியை அள்ளிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். இருட்டுவதற்குள் அந்தக் கதவு எத்தனை முறை கைமாறியது என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் புது செட்டுகளைக் கொடுத்தார்கள். அத்தான் போட்டுக்கொண்டார். வாயை மூடினார், திறந்தார். நடைபாதையில் போய் நின்றுகொண்டு, சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெரியவரைப் பார்த்துக் கையை நீட்டி, "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" என்றார். 'த' சும்மா தேங்காய் உடைந்த மாதிரி விழுந்தது. "நான் எங்கயும் வரலை" என்று பெரியவர் பதறினார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் துடைக்க வேண்டித்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "எதுக்கு இப்படிக் கத்தறீங்க, இது என்ன சந்தையா?" என்று எரிந்து விழுந்தேன்.

பிறகு எங்களைக் குடல் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். மயக்கம் கொடுப்பதால் பல்லைக் கழற்ற வேண்டும். நர்ஸம்மா ரெண்டு டப்பா கொடுத்துவிட்டுப் போனார். அதில் 'பதினாலு' என்ற எண்ணைப் பெரிதாகவும், அ, ஆ என்பதை எறும்பு சைஸிலும் எழுதியிருந்தார்கள். ஒரே நம்பரில் ரெண்டு டப்பா! எங்கள் கூடத்தில் இப்படி நான் வைத்திருந்தால் முதலாளி என் தோலை உரித்திருப்பார். ஒரே நம்பர் என்றால் ஜோடிப் பொருள், ஜோடியைப் பிரிக்கக் கூடாது. இதுகூடத் தெரியாமல் ஆஸ்பத்திரி நடத்துகிறார்களே என்று பரிதாபப்பட்டு, ரெண்டு செட்டையும் ஒரே டப்பாவில் போட்டு மூடி, காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். நர்ஸம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

குழாய் எப்போது போனது, எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் அத்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நர்ஸம்மா என் கட்டிலருகே குனிந்து, என்னைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "பதினாலு, குடல்ல ஒரு கட்டி இருந்துச்சு. டாக்டர் அப்பவே எடுத்துட்டாங்க. பரிசோதனைக்கு அனுப்பியிருக்கு. பயப்படாதீங்க. அடுத்த வாரம் வந்து கேட்டுக்குங்க."

அவர் என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் நார்மல் ஆளிடம் போய் யாராவது இதைச் சொல்வார்களா? அத்தான் தூங்குகிறார், பக்குவமாகச் சொல்லச் சொல்லி என்னிடம் ஒப்படைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பாவி மனுஷன், தலையில் ஒரு கட்டி போய் இப்போது குடலில் ஒன்று. நாளைக்கு ஏலம். இதைச் சொன்னால் மேடையில் 'த' மட்டுமல்ல, எந்த எழுத்தும் வராது. ஏலம் முடியட்டும் என்று வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன்.

டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு செட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். அன்று முழுக்கக் கஞ்சிதான். பல்லுக்கு வேலையில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. அத்தானுக்கு முதுகுக்குத் தலையணை வைத்தேன். என் பங்குக் கஞ்சியையும் கொடுத்தேன். அவர் வேண்டுமென்றே, "நம்பர் ஒட்டுறதும் ஒரு வேலையா?" என்று வம்புக்கு இழுத்தபோது, "நீங்க சொன்னா சரிதான் அத்தான்" என்றேன்.

அத்தான் கரண்டியைக் கீழே வைத்தார். "இவனுக்கு என்ன ஆச்சு?"

"மயக்க மருந்து இன்னும் தெளியலை போல" என்றாள் அக்கா.

நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த ஆள் இல்லாமல் நான் யாரோடு சண்டை போடுவேன்?

விடிந்ததும் அத்தான் பல் செட்டைப் போட்டார். முகம் வெளுத்துவிட்டது. "மச்சான், இறுக்குது."

"புதுசுன்னா அப்படித்தான்."

"நேத்து இறுக்கலையே! ஒரே ராத்திரியில தாடை வளர்ந்திருக்குடா. திரும்பவும் ஆரம்பிச்சுட்டுது." தாடையைக் கையால் தாங்கிக்கொண்டார். கட்டி, தாடை, எல்லாம் சேர்ந்தே வருகிறது. டாக்டரம்மாவின் கேள்விக்குப் பதில் என் கண்முன்னால் நிற்கிறது. அதே சமயம் என் வாயில் இருந்த செட் கொட்டாங்குச்சியில் கூழாங்கல்லைப் போட்ட மாதிரி லொடலொடவென்று ஆடியது. கவலையில் நான் சுருங்கிப்போய்விட்டேன் என்று முடிவு செய்தேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, சவரம் செய்து, கூடத்துக்குப் போனேன்.

கூட்டம் தலைக்கு மேல் தலை. மேடையில் அத்தான், பக்கத்திலேயே மருமகப்பிள்ளையும் பெட்டியும். முதலில் சின்னச் சின்னப் பொருள்கள். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, இல்லை, பல் அவரைக் கடித்துக்கொண்டு, "ஒரு சரம், ரெண்டு சரம்" என்றார். "பூச்சரமா, முத்துச்சரமா?" என்று ஒரு குரல். சிரிப்பு. சின்னப் பொருள் என்பதால் வாங்கியவர்கள் தகராறு செய்யவில்லை. முதலாளி மட்டும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அன்றைய பெரிய பொருள். ஓட்டல் வரவேற்பறையில் இருந்த, ரெண்டு ஆள் உயர நிலைக்கண்ணாடி. விலையைக் கேட்டு ஏற்றிக்கொண்டே போனது இரும்புக்கடைக்காரர். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். அவரே கடைசி என்று தெரிந்ததும் வழக்கம்போல முகம் தொங்கியது. கண் மட்டும் அத்தானின் வாயிலேயே இருந்தது.

"ஒரு... சரம்."

"என்னது?" என்றார் இரும்புக்கடைக்காரர் காதில் கைவைத்து.

"ரெண்டு..." அத்தான் நிறுத்தினார். நெற்றியில் வியர்வை. எத்தனையோ வருடம் அந்த இடத்தில் நிறுத்தி மற்றவர்களைத் திண்டாட வைத்தவர், இப்போது அவரே திண்டாடினார். மருமகப்பிள்ளை பெட்டியின் பித்தானை ஆர்வமாக அமுக்கினார். அது மாட்டிக்கொண்டது. "முதல் முறை. முதல் முறை. முதல் முறை" என்று பெட்டி ஆரம்பித்தது. "அப்ப மொதல்ல இருந்து கேக்குறீங்களா? நான் வரலைங்க" என்று இரும்புக்கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

கண்ணாடியைக் கூட்டத்துக்குக் காட்ட அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது நான். அவரை நிறுத்துவதற்காக, "யோவ், நில்லும்!" என்று வாயைப் பிளந்து கத்தினேன். கத்திய வேகத்தில் திரும்பியவன் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தேன். என் முகத்தில் அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை பெரிய பல். உதடு மூட இடமில்லாமல், காதுக்குக் காது, பளபளவென்று.

ஜோடிப் பொருள்! ஒரே டப்பா!

கண்ணாடியைப் பக்கத்தில் நின்றவர் கையில் தள்ளிவிட்டு மேடைக்கு ஓடினேன். வாயிலிருந்து செட்டைக் கழற்றி, மேஜையில் இருந்த தண்ணீர்ச் சொம்புக்குள் போட்டேன். "அத்தான், கழட்டுங்க. உங்க வாய்ல இருக்குறது என்னுது!"

அத்தான் ஒரு நொடி என்னைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார். "வளரலையா?" என்றார் மெதுவாக.

"வளரலை அத்தான். நான்தான் முட்டாள்."

முன்னூறு பேர் முன்னால், சொம்பில் அலசி, ரெண்டு பேரும் பல்லை மாற்றிக்கொண்டோம். கூடத்தில் ஈ பறந்தால் கேட்கும். பெட்டி மட்டும் "முதல் முறை" என்று முனகிக்கொண்டிருந்தது. அத்தான் நிமிர்ந்தார். சுத்தியலைத் தூக்கினார். "ஒரு தரம்" என்று பேச்சுவாக்கில் சொன்னார். வாசல்வரை போயிருந்த இரும்புக்கடைக்காரரின் கால் நின்றுவிட்டது. "ரெண்டு தரம்" என்று அத்தான் இழுத்த இழுப்பில் அந்த மனிதர் தானாகவே திரும்பினார். "மூணு தரம்!" என்று சுத்தியல் இறங்கியபோது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நிலைக்கண்ணாடி கைமாறியது. இரும்புக்கடைக்காரர் அதை எங்கே நிறுத்தி வைப்பது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். முதலாளி எழுந்து வந்து பெட்டியின் வயரைப் பிடுங்கினார்.

எல்லாரும் அத்தானைத் தூக்கிக் கொண்டாடினார்கள். நான் ஓரமாக நின்று, இனி எப்படிச் சொல்வேன் என்று தவித்தேன். தாடை வளரவில்லை, சரி. கட்டி இருந்ததே? அந்த வாரம் முழுக்க அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். அத்தான் வெறுத்துப்போய், "இவன்கிட்ட ஒரு சண்டைகூட வாங்க முடியலை" என்று அக்காவிடம் முறையிட்டார்.

மறு வாரம் மூவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "டாக்டர், நீங்களே சொல்லிடுங்க. அத்தான்கிட்ட நான் இன்னும் சொல்லலை."

"எதை?"

"குடல்ல கட்டி இருந்ததை."

அத்தானும் அக்காவும் என்னைப் பார்த்தார்கள். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவர்கிட்ட எதுக்குச் சொல்லணும்? அவர் குடல் கண்ணாடி மாதிரி இருக்கு. கட்டி உங்களுக்குத்தான்."

"நான் நார்மலாச்சே?"

"ஹார்மோன்லதாங்க நார்மல். குடல்ல இல்லை." காற்றில் ஒரு குடலை வரைந்து, அதில் ஒரு புள்ளி வைத்தார். "கெட்ட கட்டி இல்லை. ரிசல்ட் நல்லா வந்திருக்கு. ஆனா அப்படியே விட்டிருந்தா சில வருஷத்துல கெட்டதா மாறக்கூடிய வகை. உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, நீங்களா வந்து பார்த்திருக்கவே மாட்டீங்க. இவரோட வந்ததால ஆச்சு." பிறகு பெருமூச்சு விட்டார். "என் ஆராய்ச்சியில எதிர்பார்த்ததுக்கு நேர் எதிரா வந்த ஒரே ஜோடி நீங்கதான்."

ஒரு வாரமாக அந்தக் கழிப்பறைக்குள் உட்கார்ந்து நான் அழுததெல்லாம் எனக்காகவா? அத்தானுக்குத் தலையணை வைத்து, கஞ்சி கொடுத்து, விட்டுக்கொடுத்து... அத்தனை பரிதாபத்துக்கும் சொந்தக்காரன் நானேதான். அந்த மனுஷனுக்கு வாய் நீளாமல் இருந்திருந்தால், நான் நம்பர் ஒட்டிக்கொண்டே ஒருநாள் போய்ச் சேர்ந்திருப்பேன்.

"நான் அப்பவே சொன்னேன், இவன் நார்மல் இல்லைன்னு" என்றாள் அக்கா. கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்பட ஒண்ணுமில்லைம்மா" என்றார் டாக்டரம்மா. "இனிமே இடைவெளி விட்டு ஒரு மூணு தரம் வந்து பார்த்துட்டுப் போனாப் போதும்."

மூணு தரம் என்ற சொல்லைக் கேட்டதும் அத்தான் எழுந்துவிட்டார். முட்டியைத் தட்டிப் பார்க்கும் ரப்பர் சுத்தியல் மேஜையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டார். மற்றொரு கையை என் பக்கம் நீட்டினார். "பதினாலாம் நம்பர். பல் ஜோடி மாறும், புத்தி மாறாது. ஒரு தரம்!" மேஜையில் ஒரு தட்டு. "ரெண்டு தரம்!" இன்னொரு தட்டு. 'த' ரெண்டும் சுத்தமாக விழுந்தன. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே காத்திருந்தார். சுத்தியல் மேலேயே நின்றது. அத்தான் அதை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மூணாவது?" என்றாள் அக்கா.

"சொல்ல மாட்டேன்" என்றார் அத்தான். "சொன்னாக் கைமாறிடும். இவனை நான் யாருக்கும் குடுக்குறதா இல்லை."